தண்டுவடக் காயமும் நோய் எதிர்ப்பு மண்டலமும்: வீட்டார் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

பனையிலிருந்தும் தென்னையிலிருந்தும் விழுந்தவர்கள், நாகர்கோவில் – திருவனந்தபுரம் சாலையில் பைக்கோடு சரிந்தவர்கள், ஆழம் தெரியாமல் குளத்தில் தலைகீழாகக் குதித்தவர்கள் என்று குமரி மாவட்டத்தில் தண்டுவடக் காயம் பட்டவர்கள் இல்லாத ஊர் குறைவு. ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரியிலோ திருவனந்தபுரத்திலோ சிகிச்சை முடித்து வீட்டுக்கு வந்தபின் குடும்பத்தார் கேட்கும் சந்தேகங்களை, அவர்கள் கேட்கும் விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறோம்.

முதுகெலும்பு ஒடிஞ்சதுக்கும் நோய் எதிர்ப்பு சக்திக்கும் என்ன சம்பந்தம்?

தண்டுவடத்துக்குச் சேதம் இரண்டு தடவையாக வருகிறது. எலும்பு நொறுங்கி நரம்பிழைகளை நசுக்கும் நொடியில் வருவது முதல் சேதம். இரண்டாவது, அதற்குப் பிறகு மணிக்கணக்காகவும் நாள்கணக்காகவும் நடப்பது. நுண் இரத்தக் குழாய்கள் கசிகின்றன, இரத்த ஓட்டம் குறைகிறது, சாகும் செல்களிலிருந்து குளுட்டமேட் போன்ற பொருட்கள் கொட்டி அக்கம்பக்கத்துச் செல்களையும் கொல்கின்றன, தண்டுவடம் வீங்குகிறது. நோய் எதிர்ப்பு அணுக்கள் களத்தில் இறங்குவது இந்த இரண்டாம் கட்டத்தில்தான்.

சாதாரண நாளில் இரத்தத்தில் ஓடும் வெள்ளை அணுக்கள் தண்டுவடத்துக்குள் தாராளமாகப் போய்வர முடியாது. நடுவில் ஓர் அரண் உண்டு. அடிபட்டதும் அது உடைகிறது. தண்டுவடத்திலேயே குடியிருக்கும் மைக்ரோக்ளியா என்ற காவல் அணு முதலில் விழித்துக்கொள்கிறது. முதல் மூன்று நாட்களில் இரத்தத்திலிருந்து நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளை அணுக்கள் வந்து குவிகின்றன. பிறகு கழிவைத் தின்னும் மேக்ரோஃபேஜ்கள் பெருகி, வாரக்கணக்கில், மாதக்கணக்கில்கூட அங்கேயே இருக்கின்றன. லிம்போசைட்டுகள் என்ற இன்னொரு வகை வெள்ளை அணுக்கள் பிந்தி வருகின்றன.

அப்போ அந்த அணுக்கள்தான் நாசம் பண்ணுதா? மருந்து குடுத்து நிறுத்திரலாமே?

நாசமும் பண்ணுகின்றன, சுத்தமும் பண்ணுகின்றன. நியூட்ரோஃபில்களும் தொடக்க நாட்களின் மேக்ரோஃபேஜ்களும் வெளிவிடும் டிஎன்எஃப்-ஆல்ஃபா, இன்டர்லூக்கின்-1 பீட்டா போன்ற வேதிச் செய்திகளும் ஆக்சிஜன் வேதிக்கூறுகளும் தப்பிப் பிழைத்திருந்த நரம்புகளையும் காயப்படுத்தும். அதே மேக்ரோஃபேஜ்தான் செத்த நரம்பின் உறையைத் தின்று அகற்றவும் வேண்டும். அது அகலாத இடத்தில் புது இழை நீளாது. வீக்கத்தை அடக்கும் இன்டர்லூக்கின்-10, நரம்பு வளர உதவும் புரதங்கள் ஆகியவற்றையும் இந்தக் கூட்டமே சுரக்கிறது.

அதனால் மொத்தமாக அடக்குவதும் பிசகு, மொத்தமாகத் தூண்டுவதும் பிசகு. இரண்டையும் மனிதர்களிடம் முயன்று பார்த்திருக்கிறார்கள். அடக்கும் முயற்சி அடுத்த பதிலில் வருகிறது. தூண்டும் முயற்சியில், காயம்பட்டவரின் சொந்த மேக்ரோஃபேஜ்களை வெளியே எடுத்துப் பக்குவப்படுத்தித் தண்டுவடத்தில் திரும்பச் செலுத்தினார்கள். முதலில் சிறு குழுவில் நம்பிக்கை தந்த அந்த முறை, 2012இல் வெளியான இரண்டாம் கட்டப் பரிசோதனையில் பலன் காட்டவில்லை.

விழுந்த உடனே ஸ்டீராய்டு ஊசி போட்டா கால் வந்திருக்கும்னு சொல்லுதாவ. எங்க ஆளுக்கு ஏன் போடல?

போடாததால் கால் போய்விட்டது என்று மனம் நோக வேண்டாம். 1990இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், அடிபட்ட 8 மணி நேரத்துக்குள் மீதைல்பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு பெற்றவர்களுக்குச் சிறிய முன்னேற்றம் தெரிந்தது. அளவு: கிலோவுக்கு 30 மி.கி. முதலில், பிறகு 23 மணி நேரம் மணிக்குக் கிலோவுக்கு 5.4 மி.கி. 60 கிலோ ஆளுக்கு ஒரே நாளில் 9 கிராமுக்கு மேல் ஆகும். மிகப் பெரிய அளவு இது.

பிறகு பலரும் அந்தக் கணக்குகளைத் திரும்பப் பார்த்தபோது, பலன் அற்பமாகவும் நிமோனியா, காயத்தில் சீழ், குடலில் இரத்தக் கசிவு ஆகிய கெடுதல்கள் கூடுதலாகவும் தெரிந்தன. 2013இல் அமெரிக்க நரம்பு அறுவை மருத்துவர்களின் வழிகாட்டி இதைப் பரிந்துரைக்கவில்லை. 2017இல் வந்த இன்னொரு சர்வதேச வழிகாட்டி, 8 மணி நேரத்துக்குள் வந்தவருக்கு 24 மணி நேரம் மட்டும் கொடுப்பதை ஒரு வாய்ப்பாக வைத்தது. 48 மணி நேரம் கொடுக்கக் கூடாது என்றது. ஆகவே போட்ட டாக்டரும் தவறு செய்யவில்லை, போடாத டாக்டரும் தவறு செய்யவில்லை. வாரங்கள் கழித்து "வீக்கம் வத்த" என்று ஸ்டீராய்டு மாத்திரை விழுங்குவதுதான் வேண்டாத வேலை: பலன் இல்லை, தொற்றுக்கு வாசல் திறக்கும், சர்க்கரை கூடும், எலும்பு தேயும்.

அந்த முதல் நாள்ல வேற என்ன முக்கியம்?

தண்டுவடத்தை அழுத்தும் எலும்பை முடிந்தால் 24 மணி நேரத்துக்குள் அறுவை செய்து விலக்குவது, இரத்த அழுத்தம் இறங்காமல் காப்பது, ஆக்சிஜன் குறையாமல் பார்ப்பது. மூன்றுமே இரண்டாவது சேதத்தைக் குறைக்கத்தான்.

விழுந்த இடத்தில் நிற்பவர்கள் செய்ய வேண்டியது: 108ஐ அழையுங்கள். ஆளை உட்கார வைக்காதீர்கள், தோளில் தூக்காதீர்கள், ஆட்டோவில் மடக்கி ஏற்றாதீர்கள். மூச்சு இருந்தால் ஆம்புலன்ஸ் வரும்வரை தலையையும் கழுத்தையும் இரு கையால் அசையாமல் பிடித்திருங்கள். நகர்த்தியே ஆக வேண்டும் என்றால் நான்கு பேராவது சேர்ந்து, தலை, தோள், இடுப்பு, கால் ஒரே கோட்டில் இருக்க உருட்டிப் பலகையில் ஏற்றுங்கள். தண்ணீர் கொடுக்க வேண்டாம்.

கையில நரம்பு அறுந்தா தச்சா வளருது. முதுகுத்தண்டு மட்டும் ஏன் வளர மாட்டேங்குது?

இதில் நோய் எதிர்ப்பு அணுக்களின் பங்கு பெரியது. கை நரம்பில் அதன் உறையைக் கட்டும் ஸ்வான் செல்களும் மேக்ரோஃபேஜ்களும் சேர்ந்து பழைய உறைக் கழிவைச் சில வாரங்களில் அகற்றிவிடும். காலியான குழாய் வழியே புது இழை நாளுக்கு ஏறக்குறைய 1 மி.மீ. நீளும். தண்டுவடத்தில் அதே கழிவு மாதங்களாக, வருடங்களாகக்கூடக் கிடக்கிறது. அந்தக் கழிவிலுள்ள நோகோ-ஏ போன்ற புரதங்கள் "வளராதே" என்று இழைக்குத் தடை போடுகின்றன.

கூடவே நரம்புகளுக்குத் துணைநிற்கும் ஆஸ்ட்ரோசைட் செல்கள் காயத்தைச் சுற்றித் தழும்பு கட்டுகின்றன. "அந்தத் தழும்பை வெட்டி எறியலாமே" என்று சிலர் உடனே கேட்பார்கள். தழும்பு தடை மட்டும் அல்ல, வேலியும்கூட: வீக்கம் நல்ல பகுதிக்குப் பரவாமல் அது தடுக்கிறது. எலிகளில் தழும்பு உருவாகாமல் தடுத்துப் பார்த்த 2016ஆம் ஆண்டு ஆய்வில் நரம்பிழை கூடுதலாக வளரவில்லை. மனிதர்களிடம் தழும்பை அறுத்தெடுப்பது வழக்கமான சிகிச்சை அல்ல.

அடி முதுகுலதான பட்டுது. பின்ன எதுக்கு அடிக்கடி சளிக்காய்ச்சலும் மூத்திரத்துல பழுப்பும் வருது?

இந்தப் பக்கத்தில் எதைப் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள். காயம் பட்ட இடத்தில் எதிர்ப்பு அணுக்கள் கொந்தளித்துக்கொண்டிருக்கும் அதே நாட்களில், உடம்பின் மற்ற இடங்களில் எதிர்ப்பு சக்தி தாழ்ந்துபோகிறது. அடிபட்ட 24 மணி நேரத்திலேயே இரத்தத்திலுள்ள எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கையிலும் விழிப்பிலும் குறைவு தெரிகிறது. முதல் வாரத்தில் அது மிகவும் தாழ்கிறது.

காரணம் நரம்பு. மண்ணீரல், நிணநீர்க் கணுக்கள், அட்ரினல் சுரப்பி எல்லாம் மூளையிலிருந்து தண்டுவடம் வழியே வரும் பரிவு நரம்புகளின் (நம் விருப்பமின்றித் தானாக இயங்குபவை) கட்டுப்பாட்டில் இருப்பவை. நெஞ்சுப் பகுதியின் மேற்பாதியிலோ கழுத்திலோ காயம் என்றால் அந்தக் கட்டுப்பாடு அறுந்துபோகிறது. கீழ்முதுகில், இடுப்பில் காயம் என்றால் பாதிப்பு குறைவு. இதோடு இருமும் தசை தளர்வதும், மூத்திரப்பை முழுக்கக் காலியாகாததும், தோல் உணர்வில்லாமல் அழுந்துவதும் சேரும்போது கிருமிக்கு மூன்று வாசல் திறக்கின்றன. முதல் வாரங்களில் நிமோனியாவோ காயத்தில் சீழோ வந்தவர்களுக்கு நரம்பு மீட்சியும் குறைவாக இருந்ததை ஆய்வுகள் காட்டியுள்ளன. தொற்றைத் தடுப்பது காய்ச்சலைத் தடுப்பது மட்டும் அல்ல. திரும்பி வரக்கூடிய அசைவைக் காப்பதும்தான்.

நெஞ்சுல சளி கட்டுனா வீட்டுல என்ன செய்ய?

இருமலுக்கு வயிற்றுத் தசை வேண்டும். அது இயங்காதவருக்குக் கூட இருப்பவர் கைகொடுக்கலாம். நேராகப் படுத்தோ சாய்ந்தோ இருக்கட்டும். தொப்புளுக்கு மேல், விலா எலும்புக்குக் கீழ் உள்ளங்கையை வையுங்கள். இரண்டு மூன்று ஆழ்ந்த மூச்சு எடுத்து அவர் இருமும் அதே கணத்தில் உள்ளும் மேலுமாகத் தள்ளுங்கள். சாப்பிட்டதும் செய்யக் கூடாது. விலா உடைந்தவருக்கும் வயிற்றில் அறுவை ஆனவருக்கும் கூடாது. பிசியோதெரபிஸ்ட் முன்னால் ஒரு தடவை செய்து பழகிய பிறகே வீட்டில் செய்யுங்கள்.

பீடி, சிகரெட் வீட்டுக்குள்ளேயே வேண்டாம். மூச்சு வேகம் கூடினாலோ, உதடு நீலமானாலோ, பேச்சு துண்டு துண்டாக வந்தாலோ மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். காய்ச்சல் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். எதிர்ப்பு சக்தி தாழ்ந்தவருக்குக் காய்ச்சல் பிந்தி வரலாம்.

யூரின் டெஸ்டுல கிருமின்னு போட்டிருக்கு, ஆனா காய்ச்சல் இல்ல. ஆன்டிபயாடிக் குடுக்கணுமா?

பெரும்பாலும் வேண்டாம். குழாய் வைத்திருப்பவர் மூத்திரத்தில் கிருமி எப்போதும் இருக்கும். அது குடியிருப்பு, தொற்று அல்ல. ஒவ்வொரு தடவையும் மருந்து கொடுத்தால் எதற்கும் அடங்காத கிருமிதான் மிஞ்சும். கலங்கலோ நாற்றமோ மட்டும் இருந்தால் முதலில் தண்ணீர் போதுமா, குழாய் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

காய்ச்சல், குளிர் நடுக்கம், கால் வெட்டி இழுப்பது திடீரெனக் கூடுவது, நடுவில் மூத்திரம் ஒழுகுவது, காரணமில்லாத சோர்வு, கீழே "தலை வெடிக்குத மாதிரி வலி" என்ற கேள்வியில் சொல்லும் தலைவலி ஆகியவற்றில் ஏதாவது சேர்ந்தால் அது தொற்று. கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) மாதிரியை, குழாயோடு மாட்டிய பையிலிருந்து எடுக்காதீர்கள். புதுக் குழாய் மாட்டி அதிலிருந்து எடுக்க வேண்டும். முடிகிறவர்களுக்கு நிரந்தரக் குழாயைவிட, கையைச் சோப்பால் கழுவி 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை குழாய் விட்டு எடுப்பதே நல்லது. ஒரு தடவைக்கு 500 மி.லி.யைத் தாண்டினால் இடைவெளியைக் குறையுங்கள்: மூத்திரப்பை அளவுக்கு மீறி விரிந்தால் அதன் சுவரில் இரத்த ஓட்டம் குறைந்து கிருமி எளிதாகப் பற்றும்.

மத்தியானம் ஆனா உடம்பு கொதிக்குது. காய்ச்சலா, வெக்கையா?

கழுத்திலோ நெஞ்சின் மேற்பகுதியிலோ காயம் என்றால் அதற்குக் கீழே வியர்க்காது. பங்குனி, சித்திரை மாதங்களில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே படுத்திருப்பவரின் உடம்பு கிருமி இல்லாமலே சூடேறும். நிழலுக்கு மாற்றி, ஈரத்துணி போட்டு, ஃபேனை வைத்து அரை மணி முதல் முக்கால் மணி நேரம் கழித்துத் தெர்மாமீட்டரில் பாருங்கள். இறங்கினால் வெக்கை. 38 டிகிரி செல்சியஸுக்கு மேலேயே நின்றால் நெஞ்சு, மூத்திரம், தோல் மூன்றையும் பார்த்து டாக்டரிடம் போங்கள்.

இரண்டு ஏமாற்றுக்காரர்கள் உண்டு. ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் இரத்தக் கட்டியாக இருக்கலாம். உருவிவிடாமல் அன்றே ஸ்கேன் எடுக்க வேண்டும். இடுப்பு மூட்டைச் சுற்றி வீங்கி, மடக்க முடியாமல் இறுகினால் தசைக்குள் எலும்பு வளர்வதாக இருக்கலாம். அதுவும் வீக்கத்தின் விளைவே, சீழ் அல்ல.

திடீர்னு தலை வெடிக்குத மாதிரி வலி, முகம் செவக்குது, வேர்த்துக் கொட்டுது. இது எதுனால?

காயம் டி6 என்று சொல்லப்படும் நெஞ்சின் ஆறாவது மட்டத்திலோ அதற்கு மேலோ இருப்பவருக்கு இது ஆபத்து நிலை. கீழே எங்கோ ஓர் எரிச்சல். அதைக் கட்டுப்படுத்த மூளையால் முடியாமல் இரத்த அழுத்தம் தாறுமாறாக ஏறுகிறது. வழக்கமாக மேல் பிரஷர் 100 இருப்பவருக்கு 130, 140 என்பதே அதிகம். "140 தானே" என்று விடக் கூடாது.

உடனே நிமிர்த்தி உட்கார வையுங்கள், காலைத் தொங்கவிடுங்கள், இறுக்கமான துணி, பெல்ட், பை வார் எல்லாவற்றையும் தளர்த்துங்கள். மூத்திரக் குழாய் மடங்கியிருக்கிறதா, பை நிரம்பிப் பின்னுக்கு அழுத்துகிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் காரணம் அங்கேதான். அடுத்து மலச்சிக்கல், பிறகு புண், நகச்சுற்று. 2 முதல் 5 நிமிடத்துக்கு ஒருமுறை பிரஷர் பாருங்கள். 150ஐத் தாண்டினாலோ காரணம் தெரியாவிட்டாலோ மருத்துவமனை. இது எதிர்ப்பு சக்தியோடும் தொடர்புள்ளது: எலிகளில் இந்த ஏற்றம் திரும்பத் திரும்ப வரும்போது மண்ணீரலில் அணுக்கள் அழிவதைப் பார்த்திருக்கிறார்கள். "வந்து போயிரும்" என்று பழகிக்கொள்ள வேண்டாம்.

படுக்கைப்புண்ணு இருக்கு. மீனும் முட்டையும் குடுத்தா பழுக்கும்னு மைனி சொல்லுதாவ. குடுக்கலாமா?

கட்டாயம் கொடுங்கள். புண்ணிலிருந்து வடியும் நீரில் புரதம் போகிறது. புதுத் தோலும் எதிர்ப்பு அணுவும் புரதத்தால் ஆனவை. புண் உள்ளவருக்கு நாளொன்றுக்குக் கிலோவுக்கு 1.25 முதல் 1.5 கிராம் புரதம் வேண்டும். 60 கிலோ என்றால் 75 முதல் 90 கிராம். இரண்டு முட்டை 12 கிராம், 100 கிராம் சாளையோ நெத்திலியோ 20 கிராமுக்குச் சற்றுக் குறைவு. மரச்சீனியும் கஞ்சியும் மட்டும் என்றால் வயிறு நிறையும், புரதம் அநேகமாக இருக்காது. மீன், பயறு, தயிர் சேர வேண்டும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவை டாக்டரிடம் கேளுங்கள்.

சாப்பாடு மட்டும் புண்ணை ஆற்றாது. படுக்கையில் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டுவதும், சக்கர நாற்காலியில் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு நிமிடம் முன்னாலோ பக்கத்திலோ சாய்வதும் இல்லாமல் எந்த மருந்தும் வேலை செய்யாது. புண் உள்ள இடத்தின்மேல் படுக்கவே கூடாது.

எதிர்ப்பு சக்தி கூட்ட நிலவேம்பு, சீந்தில், டானிக் குடுக்கலாமா?

தண்டுவடக் காயத்தில் இவை மீட்சியைக் கூட்டியதாகச் சான்று இல்லை. சக்தி "குறைச்சல்" என்பது சத்துக் குறைவால் மட்டும் வந்ததல்ல, நரம்புக் கட்டுப்பாடு அறுந்ததால் வந்தது. அதைக் கஷாயம் இணைக்காது. சீந்தில் எடுத்த சிலருக்குக் கல்லீரல் வீக்கம் வந்தது இந்தியாவிலேயே பதிவாகியுள்ளது. ஏற்கெனவே பல மாத்திரை விழுங்குபவருக்கு இது வீண் ஆபத்து. தூக்கம், புரதம், சர்க்கரைக் கட்டுப்பாடு, தடுப்பூசி ஆகிய நான்கும்தான் பலன் தருபவை.

வர்ம ஆசான்கிட்ட காட்டி எண்ணெய் போடலாமா?

குமரியில் இதைக் கேட்காத குடும்பம் இல்லை. ஆசான்மார் மீது உள்ள மரியாதை வேறு, நொறுங்கிய எலும்பு வேறு. எலும்பு உறுதியாகும்வரை முதுகையும் கழுத்தையும் யாரும் திருகவோ அழுத்தவோ கூடாது. அதன் பிறகும் உணர்வில்லாத இடத்தில் சூடான எண்ணெய், கிழி, ஒத்தடம் வேண்டாம்: பொத்துப்போவது தெரியாது, அந்தப் பொத்தல் புண்ணாகி மாதக்கணக்கில் படுத்தும். வீங்கிய காலை உருவினால் உடம்பு கொதிப்பது பற்றிய பதிலில் சொன்ன இரத்தக் கட்டி நெஞ்சுக்கு ஓடி உயிரைப் பறிக்கலாம். அசையாத கால் எலும்பு தேய்ந்திருப்பதால் பலமாக மடக்கினால் ஒடியும். உணர்வுள்ள தோள், கையில் சூடில்லாத எண்ணெயை இதமாகத் தடவுவதில் தடை இல்லை.

தடுப்பூசி போட்டா கூடுதல் கெடுதல் வருமா?

வராது. இன்ஃப்ளுவென்சா ஊசியை ஆண்டுதோறும் போடுங்கள்; நியூமோகாக்கஸ், ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசிகளை டாக்டரிடம் கேட்டுப் போடுங்கள். கூட இருந்து பார்ப்பவரும் இன்ஃப்ளுவென்சா ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். ஊசிக்குப் பின் ஓரிரு நாள் காய்ச்சல் வரலாம். அதைத் தாண்டினால் வேறு காரணம் தேடுங்கள்.

பக்கத்து வீட்டுப் பையனுக்கு விழாமலே கால் போச்சு, ஸ்டீராய்டு போட்டு நடந்துட்டான். எங்களுக்கு மட்டும் ஏன் கேக்கல?

அவன் நோய் வேறு. குறுக்குத் தண்டுவட அழற்சி, நியூரோமைலைட்டிஸ் ஆப்டிகா போன்றவற்றில் எதிர்ப்பு மண்டலமே நல்ல தண்டுவடத்தைத் தவறுதலாகத் தாக்குகிறது. அந்தத் தாக்குதலை ஸ்டீராய்டாலோ பிளாஸ்மா (இரத்தத்தின் நீர்ப்பகுதி) மாற்றத்தாலோ அடக்கினால் நரம்பு பிழைக்கிறது. விபத்தில் நரம்பு ஏற்கெனவே நசுங்கிவிட்டது. எதிர்ப்பு அணு பிறகுதான் வந்தது. ஒருவர் மருந்துச் சீட்டை இன்னொருவருக்குப் பயன்படுத்தாதீர்கள். அதேபோல், விபத்தில்லாமல் முதுகுவலி, மெலிவு, மாலைக் காய்ச்சலோடு கால் தளர்ந்தால் முதுகெலும்புக் காசநோயைச் சோதிக்க வேண்டும். அங்கே ஸ்டீராய்டை மட்டும் கொடுத்தால் கெடும்.

ஸ்டெம் செல் போட லட்சக்கணக்குல கேக்காவ. நிலத்த வித்துப் போடட்டா?

விற்காதீர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டுதலின்படி, இரத்த நோய்கள் போன்றவற்றுக்கான எலும்பு மஜ்ஜை மாற்றைத் தவிர ஸ்டெம் செல்லை அனுமதி பெற்ற மருத்துவப் பரிசோதனையில் மட்டுமே கொடுக்கலாம். அதில் சேர்பவரிடம் பணம் வாங்கக் கூடாது. பணம் கேட்கிறார்கள் என்பதே உங்களுக்கான விடை.

செலுத்தும் செல்களில் பெரும்பாலானவை புது நரம்பாக மாறுவதில்லை. எதிர்ப்பு அணுக்களுக்குச் சமிக்ஞை அனுப்பிவிட்டு மறைகின்றன. சில நாட்களிலோ வாரங்களிலோ மட்டும் பொருத்தமாக இருக்கக்கூடிய அந்தச் சமிக்ஞையை மூன்று வருடம் கழித்துப் பணம் வாங்கிக்கொண்டு கொடுப்பதில் அர்த்தம் இல்லை. மூக்கின் உட்சவ்விலிருந்து செல்களை எடுத்துத் தண்டுவடத்தில் வைத்த ஒரு பெண்ணுக்கு எட்டு ஆண்டுகள் கழித்து அங்கே கட்டி வளர்ந்தது 2014இல் பதிவானது. நோகோ-ஏயைத் தடுக்கும் ஊசி போன்றவை ஐரோப்பாவில் முறையாகச் சோதிக்கப்பட்டிருக்கின்றன. வழக்கமான சிகிச்சையாக இன்னும் வரவில்லை.

ரெண்டு வருஷம் ஆச்சு. கால்ல தீ வச்ச மாதிரி எரியுது. உள்ள வீக்கம் இன்னும் இருக்கா?

ஓரளவு இருக்கலாம். மைக்ரோக்ளியா நீண்ட காலம் அடங்காமல், வலி கடத்தும் செல்களை எளிதில் தூண்டப்படும் நிலையில் வைத்திருப்பதும் இந்த எரிச்சலுக்கு ஒரு காரணம். சாதாரண வலி மாத்திரை இதற்குக் கேட்காது. பிரிகாபலின், காபாபென்டின், அமிட்ரிப்டிலின் போன்றவற்றை டாக்டர் சிறிய அளவில் தொடங்கி ஏற்றுவார். திடீரென நிறுத்தக் கூடாது. இரத்தத்திலும் சிஆர்பி என்ற, வீக்கத்தைக் காட்டும் புரதம் பலருக்கு லேசாக உயர்ந்தே இருக்கும். வயிற்றுக் கொழுப்பு அதைக் கூட்டும். கையால் இயக்கும் பயிற்சி, வாரம் இரண்டு தடவை 20 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவுக்குச் செய்யுங்கள்; தோள் வலித்தால் முறையை மாற்றுங்கள்.

நல்லா இருந்த கையில இப்ப பலம் குறையுது. பழைய காயம் திரும்ப வருதா?

முதலில் தொற்றைத் தேடுங்கள்: மூத்திரம், புண், நகம், பல். தொற்று இருந்தால் தசை இறுகி, இருந்த பலமும் குறைந்ததுபோலத் தெரியும், சரியானதும் திரும்பும். தொற்று எதுவும் இல்லாமல், வாரங்களாகப் பலம் குறைந்துகொண்டே வந்தால், உணர்வு மட்டம் மேலே ஏறினால், சூடு-குளிர் தெரியாமல் போனால், இருமும்போது புது வலி கைக்குப் பாய்ந்தால், தண்டுவடத்துக்குள் நீர்ப்பை உருவாகிப் பெரிதாகிறதா என்று எம்ஆர்ஐ எடுக்க வேண்டும். அடிபட்ட சில மாதங்களிலும் வரலாம், பல வருடம் கழித்தும் வரலாம். வீட்டுக்கு அனுப்பியபோது கொடுத்த பழைய எம்ஆர்ஐ ஃபிலிமையும் டிஸ்சார்ஜ் சீட்டையும் கையோடு எடுத்துப்போங்கள். ஒப்பிட்டுப் பார்க்காமல் அந்தப் பை புதிதா பழையதா என்று சொல்வது கடினம்.